இங்கிலாந்தின் கோட்டைகளும் கிராமத்து மாளிகைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் கென்ட் மாவட்டத்தில் குடியிருக்கிறோம். கோடை வந்தால் ஊரிலிருந்து யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். லண்டனைச் சுற்றி முடித்ததும் "ஒரு கோட்டை பார்க்கணும்" என்பார்கள். பத்து வருடமாக அழைத்துப் போகிறேன், கேள்விகளும் அநேகமாக அதே கேள்விகள்தான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அனுப்பியதை எல்லாம் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

கோட்டையும் இந்த 'கன்ட்ரி ஹவுஸ்'ங்கறதும் ஒண்ணுதானே?

இல்லை. கோட்டை சண்டைக்காகக் கட்டியது. 1066இல் நார்மன்கள் படையெடுத்து வந்து நாட்டைப் பிடித்தார்கள். பிடித்த ஊரைத் தக்கவைக்க முதலில் மண்மேடும் மரவேலியுமாகக் கோட்டைகளைப் போட்டார்கள், பிறகு அவற்றைக் கல்லில் கட்டினார்கள். டோவரில் இன்றும் நிற்கும் பெரிய கோபுரம் இரண்டாம் ஹென்றி 1180களில் கட்டியது. கன்ட்ரி ஹவுஸ் அதற்குப் பிந்தைய சங்கதி. நாட்டுக்குள் ஓரளவு அமைதி வந்த பிறகு, நிலம் வைத்திருந்த பெருங்குடும்பங்கள் தங்கள் செல்வத்தைக் காட்டக் கட்டிக்கொண்ட மாளிகைகள் அவை. டெர்பிஷயரில் ஹார்ட்விக் ஹாலைப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். 1590களில் பெஸ் என்ற சீமாட்டி கட்டியது. கண்ணாடி பொன்விலை விற்ற காலத்தில் சுவர் முழுக்க ஜன்னலாக வைத்து, கூரை விளிம்பில் தன் பெயரின் முதல் எழுத்துகளைக் கல்லிலேயே செதுக்கி நிறுத்தினார். எதிரிக்குப் பயந்தவர் அப்படி ஒரு வீடு கட்டமாட்டார்.

பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். காசில் ஹோவர்டும் ஹைகிளேர் காசிலும் பெயரில்தான் கோட்டை, இரண்டுமே மாளிகைகள். 'அபி' என்றால் மடாலயம், ஆனால் டெர்பிஷயரில் உள்ள கால்க் அபி இன்று மடாலயம் அல்ல. பிளெனிம் பேலஸில் எந்த ராஜாவும் குடியிருந்ததில்லை. 1704இல் பிளெனிம் போரில் வென்ற தளபதி மால்பரோ பிரபுவுக்காகக் கட்டியது. வின்ஸ்டன் சர்ச்சில் 1874இல் பிறந்ததும் அங்கேதான்.

லீட்ஸ் கோட்டைக்குப் போக லீட்ஸுக்கு டிக்கெட் எடுத்தா போதும்ல?

எடுக்காதீர்கள்! லீட்ஸ் நகரம் வடக்கே யார்க்ஷயரில் இருக்கிறது. லீட்ஸ் கோட்டை இருப்பது தெற்கே கென்டில், மெய்ட்ஸ்டன் பக்கத்தில், லீட்ஸ் என்ற சின்ன கிராமத்தை ஒட்டி. இரண்டுக்கும் நடுவே 200 மைலுக்கு மேல். லண்டனிலிருந்து பேர்ஸ்டெட் ஸ்டேஷனுக்கு ரயில் ஏறுங்கள். அங்கிருந்து கோட்டை பக்கம்.

எந்த மாசம் வந்தா நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். பகல் நீளமாக இருக்கும், தோட்டமும் பூத்திருக்கும். ஆகஸ்டில் இங்கேயும் பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் நெரியும். குளிர்காலத்தில் பல வீடுகளை மூடிவிடுவார்கள். தோட்டம் மட்டும் திறந்திருக்கும், அல்லது கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காகச் சில அறைகளைத் திறப்பார்கள். வீட்டின் நேரமும் தோட்டத்தின் நேரமும் வேறு வேறாக இருக்கும். வீடு அநேகமாகப் பதினொரு மணிவாக்கில்தான் திறக்கும், நாலரை ஐந்துக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவார்கள். கிளம்பும் முன்பு அந்த இடத்தின் இணையதளத்தில் அன்றைய நேரத்தைப் பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் வீட்டை வாடகைக்கு விடும் நாட்களும் உண்டு.

செப்டம்பரில் வருபவர்களுக்கு இன்னொரு யோகம் இருக்கிறது. 'ஹெரிட்டேஜ் ஓபன் டேஸ்' என்று ஆண்டுதோறும் அந்த மாதத்தில் நடக்கும். வழக்கமாகப் பூட்டியிருக்கும் இடங்களையும் காசு வாங்கும் இடங்களையும் சில நாட்கள் இலவசமாகத் திறந்துவிடுவார்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியா டிக்கெட் எடுக்கணுமா? பாஸ் எதுவும் இல்லையா?

பாஸ் உண்டு. ஆனால் எல்லா இடத்துக்கும் செல்லும் ஒரே பாஸ் என்று எதுவும் கிடையாது. இந்த இடங்கள் மூன்று வகைக் கைகளில் இருக்கின்றன. முதலாவது நேஷனல் டிரஸ்ட். 1895இல் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த அறக்கட்டளை, பெரிய மாளிகைகள் பலவும் இதன் பொறுப்பில். இரண்டாவது இங்கிலிஷ் ஹெரிட்டேஜ். டோவர், கெனில்வொர்த் மாதிரி கோட்டைகளும் இடிபாடுகளுமாக 400க்கும் மேற்பட்ட இடங்கள். மூன்றாவது தனியார். சாட்ஸ்வொர்த், பிளெனிம், ஹைகிளேர், வாரிக், அரண்டல் எல்லாம் இந்த வகை.

முதல் இரண்டிலும் ஆண்டு உறுப்பினர் ஆகலாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குச் சில நாட்களுக்கு மட்டுமான பாஸும் விற்பார்கள். இரண்டு பேர் நாலு இடம் பார்ப்பதாக இருந்தாலே பெரும்பாலும் பாஸ் லாபம்தான். நேஷனல் டிரஸ்ட் உறுப்பினருக்கு அவர்களுடைய இடங்களில் கார் நிறுத்தவும் காசு இல்லை. தனியார் இடங்களில் இந்தப் பாஸ்கள் செல்லாது என்பதை மறக்காதீர்கள். அங்கே டிக்கெட் விலையும் கூடுதல். ஆனால் சில தனியார் இடங்களில் ஒரு நாள் டிக்கெட்டை வைத்தே ஓராண்டுவரை திரும்ப வரலாம். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு மூணு இடம் முடிச்சிரலாமா?

ஒன்று. அதிகபட்சம், ஒரு மாளிகையும் பக்கத்தில் ஒரு கோட்டை இடிபாடும். மூன்று பார்த்தவர்களிடம் ராத்திரி கேட்டால் எந்தக் கட்டில் எந்த வீட்டில் இருந்தது என்று சொல்லத் தெரியாது. இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

ஒரே வீட்டில் மூன்று மணி நேரம் செலவழித்துப் பாருங்கள். அறைக்கு அறை தன்னார்வலர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற உள்ளூர்க்காரர்களாக இருப்பார்கள். "இந்த அறையில உங்களுக்குப் பிடிச்சது எது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், அப்புறம் அவர்கள் சொல்வது எந்த அறிவிப்புப் பலகையிலும் இருக்காது. கால்க் அபியில் நான் அப்படிக் கேட்டுத்தான் அந்தக் கட்டிலின் முன்னால் இருபது நிமிடம் நின்றேன். 18ஆம் நூற்றாண்டில் அரச குடும்பத்திலிருந்து வந்த கட்டில், சீனப் பட்டில் பூவேலை செய்த திரைகள். வந்ததிலிருந்து பெட்டியைப் பிரிக்கவே இல்லை. 1980களில் வீடு நேஷனல் டிரஸ்டின் கைக்கு வந்த பிறகுதான் வெளியே எடுத்தார்கள். வெயிலே படாததால் நீலமும் சிவப்பும் நேற்றுச் சாயம் போட்டதுபோல இருக்கின்றன. சுற்றியுள்ள அறைகளில் சுவர்த்தாள் உரிந்து தொங்குவதை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த வீட்டைப் புதுப்பிக்காமல், இருந்த நிலையிலேயே காப்பது என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

கார் இல்லாம போக முடியுமா?

சில இடங்களுக்குச் சுலபமாகப் போகலாம். ஹாட்ஃபீல்ட் ஹவுஸின் வாசல் ஹாட்ஃபீல்ட் ஸ்டேஷனுக்கு எதிரேயே இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து அரை மணிக்குள் இறங்கிவிடலாம். 1558இல் தான் ராணியான செய்தியை முதலாம் எலிசபெத் கேட்டது ஹாட்ஃபீல்டில்தான். செவனோக்ஸ் ஸ்டேஷனிலிருந்து நோல் மாளிகைக்கு நடந்தே போகலாம். அரண்டலும் அப்படியே, ரயிலை விட்டு இறங்கினாலே கோட்டை தெரியும். பிளெனிமுக்கு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பஸ். டோர்செட்டில் காஃப் கோட்டைக்கு ஸ்வானேஜிலிருந்து நீராவி ரயில் ஓடுகிறது, குழந்தைகளுக்கு அந்தப் பயணமே போதும்.

மற்ற பல இடங்களில் கடைசி இரண்டு மூன்று மைலுக்கு ஒன்றும் கிடைக்காது. கிராமத்து ஸ்டேஷன்களில் டாக்சி வரிசை கட்டி நிற்பதில்லை, முந்தின நாளே போன் செய்து சொல்லிவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடாத ஊர்களும் உண்டு.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிட்டுப் போகலாமா?

மாளிகைகளுக்குத் தாராளமாக அழைத்துப் போகலாம். பெரிய இடங்களில் சக்கர நாற்காலி இரவல் தருவார்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து வீட்டுவரை சின்ன பேட்டரி வண்டி விடும் இடங்களும் இருக்கின்றன. தரைத்தளம் பெரும்பாலும் சிரமமில்லை, மாடிக்கு லிப்ட் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். நார்தம்பர்லாந்தில் கிராக்சைட் என்று ஒரு வீடு இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங் என்ற ஆயுத உற்பத்தியாளர் கட்டியது. தண்ணீர் சக்தியால் ஓடும் லிப்ட்டை 19ஆம் நூற்றாண்டிலேயே வைத்திருந்தார். நீர்மின்சாரத்தில் விளக்கு எரிந்த முதல் வீடும் அதுதான்.

கோட்டைகளில் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சுழல் படிக்கட்டில் படிகள் உயரமாகவும் தேய்ந்தும் இருக்கும், கைப்பிடிக்குக் கயிறு மட்டும் தொங்கும். அம்மாவை அகழிக்கரை பெஞ்சில் டீயோடு உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மாறி மாறி ஏறிவிட்டு வரலாம். அகழி சூழ்ந்த போடியம் கோட்டை மாதிரி இடத்தில் வெளியிலிருந்து பார்ப்பதுதான் முக்கால்வாசி அழகு.

உள்ள போட்டோ எடுக்கலாமா? செருப்பைக் கழட்டணுமா?

பல இடங்களில் பிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். ஹைகிளேர் மாதிரி சில தனியார் வீடுகளுக்குள் போட்டோவுக்கே அனுமதி இல்லை. செருப்பு, ஷூ கழற்ற வேண்டாம், ஆனால் கூர்மையான ஹீல்ஸ் கூடாது. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள், அல்லது வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு நாற்காலியின் மேல் முள்பூவோ பைன் காயோ வைத்திருந்தால் "இதில் உட்காராதீர்கள்" என்று அர்த்தம். உட்காரலாம் என்று விட்ட நாற்காலியில் அது இருக்காது.

பணக்கார வீடுங்கறாங்க, உள்ள ஏன் இவ்வளவு இருட்டு?

கரண்டை மிச்சப்படுத்த அல்ல. பட்டு, சாயம், தண்ணீர்வண்ண ஓவியம் எல்லாமே வெளிச்சத்தில் வெளுத்துவிடும். வெளுத்தது திரும்பாது. அதனால் ஜன்னல் திரையைப் பாதி இறக்கி, ஒரு வருடத்துக்கு இவ்வளவு வெளிச்சம்தான் என்று அளந்து விடுகிறார்கள். உள்ளே போய் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிவிடும். மேலே சொன்ன கால்க் கட்டிலை நினைத்துக்கொண்டால் இந்த இருட்டின் மேல் கோபம் வராது.

சைவம் சாப்பிடறவங்களுக்கு என்ன கிடைக்கும்?

டீக்கடை இல்லாத மாளிகை அபூர்வம். சூப், சுட்ட உருளைக்கிழங்கு, சீஸ் சாண்ட்விச் நிச்சயம் இருக்கும். முட்டையும் தவிர்ப்பவர்கள் கேக், ஸ்கோன் (பன் மாதிரி ஒன்று) வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். ஸ்கோனுக்கு ஜாம் முதலா கிரீம் முதலா என்பதில் ஊர்ச்சண்டையே உண்டு. டெவனில் கிரீம் முதலில், கார்ன்வாலில் ஜாம் முதலில். புல்வெளியில் சொந்தச் சாப்பாடு சாப்பிட அநேகமாக எல்லா இடத்திலும் அனுமதிப்பார்கள். எங்கள் வீட்டுப் புளியோதரை போகாத தோட்டம் கென்டில் குறைவு.

இன்னும் அங்க ஆள் குடியிருக்காங்களா? எப்படி இத்தனை தலைமுறையா பாகம் பிரிக்காம வச்சிருக்காங்க?

பல வீடுகளில் குடியிருக்கிறார்கள். அனிக் கோட்டையில் 1309 முதல் பெர்சி குடும்பம் இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் டெவன்ஷயர் பிரபுவின் குடும்பம். நூலக மேசையில் பழைய தோல் அட்டைப் புத்தகங்களுக்கு நடுவே பேரக்குழந்தைகளின் போட்டோ வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

பாகம் பிரியாததற்குக் காரணம் மூத்த மகனுக்கே நிலமும் வீடும் என்ற வழக்கம். தம்பிகள் ராணுவத்துக்கோ தேவாலயத்துக்கோ கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ போக வேண்டியதுதான். பெண்களுக்குச் சீர். நம் பக்கம் செட்டிநாட்டில் ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் இருப்பார்கள். யாரும் விற்கவும் முடியாமல், யாரும் பழுது பார்க்கவும் முடியாமல் வீடு பூட்டிக் கிடக்கும். இங்கே வீட்டைக் காப்பாற்றிய வழக்கம், அந்த வீட்டிலேயே பிறந்த மற்ற பிள்ளைகளை வெளியே நிறுத்தியது. அந்தத் தம்பிகளில் சிலர்தான் சென்னைக்குக் கப்பல் ஏறினார்கள். சென்னைப் பணம் இங்கே வந்த கதையைக் கீழே சொல்கிறேன்.

20ஆம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடும் ஆட்டம் கண்டது. சொந்தக்காரர் இறந்தால் கட்ட வேண்டிய வரி ஏறிக்கொண்டே போனது. முதல் உலகப்போரில் வாரிசுகள் மாண்டார்கள், வேலைக்கு ஆளும் கிடைக்கவில்லை. அந்த நூற்றாண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகளை இடித்துவிட்டார்கள். தப்பியவற்றில் பல, வரிக்குப் பதிலாகவோ நன்கொடையாகவோ நேஷனல் டிரஸ்டிடம் வந்தவை. லாங்லீட் வீட்டின் பிரபு வேறு வழி பார்த்தார். 1949இல் காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை உள்ளே விட்டார், 1966இல் சிங்கங்களைக் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டார்.

கோட்டையெல்லாம் இடிஞ்சு கிடக்கே, காலத்தால இடிஞ்சதா, யாராவது இடிச்சதா?

பலவும் மனிதக் கைவேலை. 1640களில் மன்னர் முதலாம் சார்ல்ஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்தது. நாடாளுமன்றம் ஜெயித்தது. தோற்ற பக்கம் மறுபடி கோட்டைக்குள் புகுந்து எதிர்த்துவிடக் கூடாது என்று, கோட்டைகளை வேலைக்கு ஆகாதபடி வெடிமருந்து வைத்து உடைத்தார்கள். கெனில்வொர்த்தில் பெரிய கோபுரத்தின் ஒரு பக்கச் சுவரே இல்லை. சுற்றியிருந்த ஏரியையும் வடித்துவிட்டார்கள்.

காஃப் கோட்டையில் இதைத் தொட்டுப் பார்க்கிற தூரத்தில் பார்க்கலாம். பேங்க்ஸ் சீமாட்டி மன்னர் பக்கம் நின்று கோட்டையைக் காத்தார். 1646இல் உள்ளே இருந்தவரே காட்டிக்கொடுத்ததால் கோட்டை வீழ்ந்தது. அடிவாரத்தைத் தோண்டி வெடி வைத்தார்கள். நுழைவாயில் கோபுரங்களில் ஒன்றின் ஒரு பாதி நொறுங்காமல் அப்படியே சில அடி கீழே சறுக்கி நின்றுவிட்டது. வளைவின் ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே. ஒரு கோடு போலப் போக வேண்டிய கல்வரிசை நடுவில் படி இறங்கியதுபோல நிற்கிறது. 370 வருடங்களுக்கு மேலாக அந்த நிலையில்தான் இருக்கிறது. உடைத்த கற்களை ஊர்க்காரர்கள் வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். கீழே கிராமத்தில் நடக்கும்போது அந்தச் சாம்பல்நிறக் கல்லைத்தான் சுவருக்குச் சுவர் பார்ப்பீர்கள்.

சுழல் படிக்கட்டு வலப்பக்கமா சுத்தறது வாள் சண்டைக்காகன்னு சொன்னாங்களே, நிஜமா?

கீழிருந்து ஏறும் எதிரிக்கு வலக்கை இடிக்கும், மேலிருந்து காப்பவருக்கு இடம் இருக்கும் என்பது கதை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் பலவீனம். இடப்பக்கமாகச் சுற்றும் படிக்கட்டுகளும் கோட்டைகளில் இருக்கின்றன. கோட்டை கட்டிய காலத்தவர் யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. எதிரி படுக்கையறைப் படிக்கட்டுவரை வந்துவிட்டால் சண்டை அநேகமாக முடிந்த மாதிரிதான்.

நிஜமான தற்காப்பைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கு சசெக்ஸில் போடியம் கோட்டை வாசலில் அண்ணாந்து பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் கடல்வழி வருவார்கள் என்ற பயத்தில் 1385இல் உரிமம் வாங்கிக் கட்டியது. மேல்வளைவில் வட்டவட்டமாக ஓட்டைகள் தெரியும், வாசலுக்குள் சிக்கியவர்கள் தலையில் எதையும் கொட்டுவதற்காக வைத்தவை. அங்கேயே இரும்புப் பட்டை அடித்த பழைய மரக்கதவு ஒன்று மேலே தொங்குகிறது. ஆனால் அதே கோட்டையின் அகழியும் ஜன்னல்களும் பார்ப்பவரை மயக்கத்தானோ என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். முதல் கேள்வியில் நான் போட்ட கோடு, கோட்டை ஒரு பக்கம் மாளிகை ஒரு பக்கம் என்ற கோடு, போடியத்தில் கொஞ்சம் அழிந்துபோகிறது.

வேலைக்காரங்க எங்க இருந்தாங்க? அதைக் காட்டுவாங்களா?

காட்டுவார்கள், அதைத் தவறவிடாதீர்கள். எனக்கு வரவேற்பறையைவிட சமையலறையில்தான் அதிக நேரம் போகும். கார்ன்வாலில் லான்ஹைட்ராக் வீடு 1881இல் தீப்பிடித்து எரிந்து, மறுபடி கட்டும்போது சமையல் பகுதியை அந்தக் காலத்து நவீன வசதியோடு அமைத்தார்கள். மீனுக்கு ஓர் அறை, மாவுக்கு ஓர் அறை, பாலுக்கு ஓர் அறை. பெட்வர்த் மாளிகையில் செம்புப் பாத்திரங்கள் மட்டும் ஆயிரத்துக்குமேல்.

சுவரில் வரிசையாக மணிகள் தொங்கும், ஒவ்வொன்றின் கீழும் அறையின் பெயர் எழுதியிருக்கும். மாடியில் கயிற்றை இழுத்தால் கீழே அந்த மணி ஆடும். பக்கத்திலேயே குறுகலான பின்படிக்கட்டு. வேலை செய்பவர் கண்ணில் படாமலே வேலை நடக்க வேண்டும் என்று அந்த வீட்டையே அப்படித் திட்டமிட்டார்கள். முன்படிக்கட்டின் அகலத்தையும் பின்படிக்கட்டின் அகலத்தையும் ஒரே நாளில் ஏறி இறங்கிப் பாருங்கள்.

சுத்தி இருக்கற புல்வெளி, ஏரி எல்லாம் இயற்கையா?

பெரும்பாலும் வெட்டிச் செய்தது. 18ஆம் நூற்றாண்டில் 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற தோட்டக் கலைஞர் ஊர் ஊராகப் போய் ஓடையை அணைகட்டி ஏரியாக்கினார், குன்றைச் சரித்தார், மரத்தைக் கூட்டம் கூட்டமாக நட்டார். வீட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவே வேலி கண்ணை உறுத்தக் கூடாது என்று ஒரு பக்கம் செங்குத்தாக, மறுபக்கம் சரிவாகப் பள்ளம் வெட்டினார்கள். அதற்கு 'ஹா ஹா' என்று பெயர். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆடு மாடு வாசல்வரை வருவதுபோல இருக்கும், கிட்டப்போனால்தான் பள்ளம் தெரியும். குழந்தைகளை ஓடவிடும்போது கவனம்.

காட்சிக்காக ஊரையே அப்புறப்படுத்தியதும் நடந்தது. டோர்செட்டில் மில்டன் ஆபி வீட்டுக்காரர் தன் ஜன்னலிலிருந்து தெரிந்த சிறுநகரத்தை 1780 வாக்கில் இடித்து, பள்ளத்தாக்கின் மறைவில் மில்டன் அபாஸ் என்ற புது கிராமத்தைக் கட்டி ஜனங்களை அங்கே அனுப்பினார். ஒரே மாதிரி வெள்ளைக் குடிசைகள், கூரை வேய்ந்தவை. இன்று சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் அழகு என்று படமெடுக்கிறார்கள்.

இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது? நம்ம ஊர்ப் பணமா?

எல்லாம் நம் பணம் அல்ல. நிலக்குத்தகை, கம்பளி, நிலக்கரி, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டம் எனப் பல வழிகள். ஆனால் நம் பணமும் இருக்கிறது. நேஷனல் டிரஸ்ட் 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடோ காலனி ஆட்சியோடோ தொடர்பு உண்டு என்று அதில் சொன்னது. அதற்காக இங்கே பெரிய கூச்சல் எழுந்தது. நான் அந்த அறிக்கையை வரவேற்கிறேன். வீட்டைக் காட்டுகிறவர் கணக்கையும் காட்டத்தான் வேண்டும்.

சென்னைத் தொடர்பு உள்ள சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சென்னையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், அங்கே வாங்கிய பெரிய வைரத்தை 1717இல் பிரான்சுக்கு விற்றார். அந்தப் பணத்தில் கார்ன்வாலில் போகானக் எஸ்டேட்டை வாங்கினார். வைரம் இன்று பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில். சர்ரேயில் கிளேர்மான்ட் தோட்டத்தில் நடக்கிறீர்களா, ராபர்ட் கிளைவ் 1768இல் வாங்கிய இடம் அது. எங்கள் கென்டிலேயே ஃபேவர்ஷாம் பக்கம் பெல்மான்ட் இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை வீழ்த்திய படையின் தளபதி ஜெனரல் ஹாரிஸ், போர்க்கொள்ளையில் தன் பங்காக வந்த பணத்தோடு திரும்பி 1801இல் வாங்கியது. அவருடைய பேரன்தான் பின்னாளில் சென்னை கவர்னராக இருந்து 1856இல் ராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்துவைத்த ஹாரிஸ் பிரபு. அருமையான கடிகாரத் தொகுப்பு உள்ள வீடு. குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே உள்ளே விடுவார்கள்.

கட்டபொம்மன் காலத்தோட சம்பந்தப்பட்டது ஏதாவது இருக்கா?

இருக்கிறது. இங்கிலாந்து எல்லையைத் தாண்டிச் சில மைலில், வேல்ஸில், போவிஸ் கோட்டை. கிளைவின் மகன் எட்வர்ட் அந்த வீட்டுப் பெண்ணை மணந்தார். அவர் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதும் அவருடைய ஆட்சியில்தான்.

திப்புவின் பூப்போட்ட துணிக்கூடாரமும், அவருடைய சிம்மாசனத்திலிருந்து எடுத்த, கல் பதித்த தங்கப் புலித்தலையும் அங்கே இருக்கின்றன. கூடாரத்தின் முன்னால் நின்றபோது எனக்கு அந்தச் சாயத்தின் சிவப்பு நம் ஊர்ச் சிவப்பு என்றே தோன்றியது. வெளியே தோட்டம் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இறங்குகிறது, அழகென்றால் அப்படி ஓர் அழகு. இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கர்சன் பிரபு வீடும் பார்க்கலாமா? வங்காளத்தைப் பிரிச்சவர்தானே?

அவரேதான். டெர்பிஷயரில் கெடில்ஸ்டன் ஹால் அவருடைய குடும்ப வீடு. ராபர்ட் ஆடம் என்ற கட்டடக்கலைஞரின் கைவண்ணம், நடுக்கூடத்தில் அலபாஸ்டர் என்ற, பளிங்கு போன்ற கல்லில் இருபது தூண்கள். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் மாளிகையை இந்த வீட்டைப் பார்த்துத்தான் கட்டினார்கள். பிற்பாடு கர்சன் வைஸ்ராயாக வந்து அதிலேயே குடியிருந்தார். ஆசியாவில் சேர்த்த பொருள்களுக்கு கெடில்ஸ்டனில் ஓர் அருங்காட்சியகம் உண்டு.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1904இல் இந்தியாவில் பழஞ்சின்னங்களைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தவர் அவர். திரும்பி வந்த பிறகு, 1911இல் லிங்கன்ஷயரில் டாட்டர்ஷால் கோட்டையின் கல் அடுப்புகளைப் பெயர்த்து ஏற்றுமதி செய்யப்போகிறார்கள் என்று தெரிந்தது. கோட்டையையே வாங்கினார், அடுப்புகளையும் தேடி மீட்டுத் திரும்பப் பதித்தார். அதைத் தொடர்ந்து 1913இல் இங்கேயும் வலுவான பாதுகாப்புச் சட்டம் வந்தது. மேலே சொன்ன போடியத்தையும் அவர்தான் வாங்கிச் செப்பனிட்டு, உயிலில் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்தார். வங்காளப் பிரிவினையை மன்னிக்கச் சொல்லவில்லை. போடியம் வாசலில் அண்ணாந்து பார்க்கும்போது இதுவும் தெரிந்திருக்கட்டும்.

பாக் நீரிணைக்குப் பேர் வந்த 'பாக்' யாரு? அவருக்கும் இங்க மாளிகை உண்டா?

ராபர்ட் பாக். டெவனில் ஆஷ்பர்ட்டன் ஊரில் பிறந்தவர். சென்னைக்குப் பாதிரியாராக வந்து, கம்பெனி வேலைக்கு மாறி, 1763 முதல் 1767 வரை கவர்னராக இருந்தார். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் வடக்கே விரிந்த கடல் அவர் பெயரைத் தாங்குகிறது. சேர்த்த செல்வத்தோடு ஊர் திரும்பி எக்ஸிட்டர் நகருக்குப் பக்கத்தில் ஹால்டன் ஹவுஸை வாங்கினார். அந்த மாளிகையின் பெரும்பகுதியை 1920களில் இடித்துவிட்டார்கள்.

மலைமேல் அவர் கட்டிய கோபுரம் மட்டும் முழுசாக நிற்கிறது. திருச்சியிலும் சென்னையிலும் பிரெஞ்சுக்காரர்களோடு போரிட்ட ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் பாக்கின் நண்பர். பிள்ளை இல்லாத லாரன்ஸ் தன் சொத்தை பாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்திருந்தார். லாரன்ஸின் நினைவாக பாக் 1788இல் எழுப்பிய கோபுரம் அது. மூன்று மூலைகளில் வட்டக் கொத்தளத்தோடு வெள்ளையாக நிற்கும். கீழ்க்கூடத்தில் லாரன்ஸின் ஆளுயரச் சிலை, ரோமாபுரித் தளபதி உடையில். எல்லா நாளும் திறந்திருக்காது, நாள் பார்த்துப் போங்கள். மேல்தளத்தில் வாடகைக்கு அறை எடுத்து ராத்தங்கவும் வசதி உண்டு. போன வருடம் ராமநாதபுரத்திலிருந்து வந்த அத்தையை அங்கே அழைத்துப் போனேன். சிலையைச் சுற்றி வந்தார், பெயர்ப் பலகையை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "நம்ம கடலுக்கு இவங்க பேரா?" என்றார். பிறகு மேலே ஏற வேண்டும் என்றார், முழங்கால் வலியோடு ஏறினார்.